பதினாலாம் நம்பர் அட்டை

நாலு சுவர் எழுப்பி, வாசலுக்குக் கதவும் மாட்டி, மேலே ஒன்றும் இல்லாமல் எட்டு மாதமாக நிற்கிற ஒன்றை வீடு என்பதா, தொட்டி என்பதா? ஆரோக்கியமேரி தொட்டி என்றுதான் சொல்வாள். "தொட்டி மீனு மாரி மேல பாத்துக்கினே கெடக்க வேண்டியதுதான்" என்பாள். மேலே பார்த்தால் நீலத் தார்ப்பாய். காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். பங்குனி வெயிலில் அதன் கீழே அடுப்பு மூட்டிச் சமைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த வேக்காடு. ஃபேக்டரி கேன்டீனில் எட்டு மணி நேரம் அண்டா கழுவிவிட்டு வந்து, அவள் இங்கே இன்னொரு முறை வெந்துகொண்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் போகிற பக்கம், தொழிற்பேட்டைச் சுவருக்குப் பின்னால் இருந்தது அந்தோணியார் நகர். வீடு பாதியில் நின்றதற்குக் காரணம் கல். எட்டு மாதத்துக்கு முன்னால் ஜீப்பில் நாலு பேர் வந்து, கிழக்குத் தெரு நெடுக அளந்து, மஞ்சள் பூசிய கல்லை வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள். எதற்கு என்று கேட்டால், "எங்களுக்குத் தெரியாது, ஆபீஸ்ல கேளுங்க." ஆபீஸில் கேட்டால், "மேலிடத்துல கேளுங்க." அந்த மேலிடம் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு பாவியும் சொல்லவில்லை. ரோடு வருகிறது என்றார்கள், குழாய் வருகிறது என்றார்கள், ஒன்றும் வரவில்லை, சும்மா நட்டான் என்றும் சொன்னார்கள். ஆரோக்கியமேரியின் புருஷன் இம்மானுவேல் யோசித்தார். ரோலிங் மில்லில் வலது கை வெந்துபோனதற்குக் கிடைத்த பணம் எல்லாம் அந்தச் சுவருக்குள் போயிருந்தது. மிச்சமிருப்பது கூரைக்குத்தான் காணும். கூரையைப் போட்ட பிறகு இடி என்று வந்துவிட்டால்? பழைய குடிசையைப் பிரித்தாயிற்று. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

அவருடைய ஒரே மகள் ஷைனி. பி.காம். முடித்தவள், தமிழில் வேகமாக டைப் அடிப்பாள். தேர்தல் வந்ததும் மணவாளனின் தேர்தல் ஆபீஸில் வேலை கிடைத்தது. மணவாளன் வெளியாள் இல்லை. பதினெட்டு வருடம் அதே மில்லில் இம்மானுவேலோடு ஒரே ஷிப்டில் நின்றவர், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர். பிறகு சங்கத் தலைவர் ஆனார், இப்போது வேட்பாளர். ஷைனிக்கு அப்பா நைனா, அவர் சின்ன வயதிலிருந்தே சித்தப்பா.

ஆபீஸ் ஒரு சிமென்ட் கடைக்கு மேல் மாடியில். அங்கே சென்னையிலிருந்து ஸ்டீவன் என்ற ஆலோசகர் வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், யாரையும் அதட்டமாட்டார், டீ வந்தால் முதலில் ஷைனிக்குக் கொடுக்கச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் லோக்கல் கேபிள் டிவிக்காரர்கள் மூன்று வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்து விவாதம் நடத்தப்போகிறார்கள். என்னென்ன கேள்வி வரும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் பதில் தயார் செய்வது ஸ்டீவனின் வேலை. அவர் சொல்லச் சொல்ல அடிப்பது ஷைனியின் வேலை.

"மொதல்ல வணக்கம், அப்புறம் வருத்தம், கடைசில குழு. எந்தக் கேள்வி வந்தாலும் இந்த மூணுதான் ஷைனி" என்பார் ஸ்டீவன்.

"அப்போ பதிலு சார்?"

"இதுதான் பதில்."

ஷைனிக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. நாலைந்து நாளில் கை பழகிவிட்டது. புகையைப் பற்றிக் கேட்டால் 'காற்றுத் தர மேலாண்மையில் ஒருங்கிணைந்த அணுகுமுறை'. ஒப்பந்தக் கூலியைப் பற்றிக் கேட்டால் 'அனைத்துத் தரப்பினருடனும் ஆக்கபூர்வமான கலந்துரையாடல்'. அடித்துப் படித்துப் பார்த்தால் காதுக்குக் குளுகுளுவென்று இருக்கும். கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

வியாழக்கிழமை மதியம் பதினாலாம் நம்பர் அட்டை வந்தது. மணவாளன் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த தாளை ஸ்டீவன் மேசையில் வைத்தார். பேனாவை அழுத்தி எழுதுகிற அந்தக் கோணல் கையெழுத்து ஷைனிக்கு நன்றாகத் தெரியும்.

'அந்தோணியார் நகர் கிழக்குத் தெரு. லாரி ரோடு வருது. மேப் பாத்துட்டேன். முப்பது வீடு போகும். ரெண்டு வருஷம் ஆகும். வேற இடம் கேக்கறேன், கெடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது.'

ஷைனி தாளைக் கையில் எடுத்தாள். இரண்டு முறை படித்தாள்.

"இத இப்பிடியே சொன்னா முப்பது வீட்டு ஓட்டும் அங்கயே காலி" என்றார் ஸ்டீவன். "மாத்தணும். ம், அடிங்க. 'அந்தப் பகுதி மக்களின் உணர்வுகளை நெஞ்சார மதிக்கிறேன். தொலைநோக்கு உள்கட்டமைப்பும் வாழ்விட உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. இது குறித்து உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டு...' கடைசில நல்லா ஒண்ணு வேணுமே. மனசுல நிக்கற மாதிரி."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். ஷைனியின் விரல் தானாக ஓடியது. 'எவருடைய இல்லமும் எவருடைய நம்பிக்கையும் சிதையாத வகையில், உரிய நேரத்தில் உரிய முடிவு எட்டப்படும்.'

ஸ்டீவன் திரும்பி வந்து படித்தார். "அடடா! பிரமாதம். நீங்க சென்னைக்கே வந்துடலாம்" என்றார்.

ஏன் அப்படி அடித்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. கை பழக்கமா? பயமா? அந்தத் தாளில் இருந்ததை எப்படியாவது மூடிவிட வேண்டும் என்ற தவிப்பா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். பாராட்டைக் கேட்ட அந்த ஒரு நொடியில் அவளுக்குச் சந்தோஷமாக வேறு இருந்தது. அதை நினைத்துத்தான் பிறகு அதிகம் அழுதாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அம்மா சும்மா இருப்பாளா?

"இன்னாடி, கல்லு பத்தி ஆபீஸ்ல எதுனா பேசிக்கிறாங்களா?"

"பேசிக்கினு இருக்காங்கம்மா. எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கினு நல்ல முடிவா வரும்."

ஆரோக்கியமேரி கரண்டியை நிறுத்திவிட்டு மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாடி இது, மைக் செட்டு மாரி பேசுற? சோறு துன்னியா இல்லியா?"

"துன்னேன்மா."

துன்னவில்லை. அதுவும் பொய்.

மறுநாள் கொத்தனார் சுப்பிரமணி வந்தான். தூண் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைத் தடவி, விரலில் ஒட்டிய துருவை இம்மானுவேலிடம் காட்டினான்.

"அண்ணே, இதுக்கு மேல தாங்காது. சென்ட்ரிங் பலகை அடிக்கிறவனுங்கோ எல்லாம் வங்காளத்துப் பசங்கோ. ஓட்டு போட ஊருக்குப் போறானுங்கோ. திங்கக்கெழம பலகை அடிச்சா வியாயக்கெழம காங்க்ரீட் போட்டுட்டு அனுப்பிச்சிடலாம். உட்டா ஆடி மாசம் வரிக்கும் ஆளு கெடைக்காது. அதுக்குள்ள மழ வந்துட்ச்சின்னா செவுரும் பேஜாரு."

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் சொல்றேன்பா" என்றார் இம்மானுவேல். "மண்டபத்துல மணவாளன் வரான். அவன் கிட்ட கேட்டுக்கினு சொல்றேன்."

"நேரா அவன் ஊட்டுக்குப் போயி கேக்க வேண்டியதுதானயா?" என்றாள் ஆரோக்கியமேரி. "இத்தினி நாளு ஒண்ணா துன்னீங்களே."

"தனியா கேட்டா அது எனுக்கு மட்டும் தான மேரி? நாலு பேரு எதுருல கேட்டா தெருவுக்கே தெரியும். முப்பது ஊட்டுக்காரனும் இதே கவலையிலதான கீறான்."

அதுதான் இம்மானுவேல். ஷைனி தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே இதைக் காதில் வாங்கினாள். இப்போது போய்ச் சொல்லிவிடலாம், இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும். எடுத்து வைக்கவில்லை. சித்தப்பாவே மேடையில் சொல்லிவிடுவார், நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்படி நினைத்ததற்கு நியாயமும் இருந்தது. மணவாளன் பேர் வாங்கியதே வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவதால்தான். ஒரு வருடம் போனஸ் கேட்டு எல்லாரும் மில் வாசலில் உட்கார்ந்தபோது, "இந்த வருசம் வராது, வரும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்கோ" என்று எழுந்து சொன்னவர் அவர்தான். இம்மானுவேலின் கை வெந்தபோது ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எல்லாம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றுகொண்டிருந்தார்கள். மணவாளன் கட்டிலில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, "இந்தக் கை இனிமே பழைய மாரி ஆவாதுண்ணே. இடது கையில பழகிக்கலாம், நான் கூட இருக்கேன்" என்றார். அன்றைக்கு இரவுதான் இம்மானுவேல் முதன்முதலாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக மண்டபம். முந்தைய நாள் கல்யாணத்தின் வாழை மரம் வாசலில் இன்னும் வாடாமல் நின்றது. மின்விசிறிகள் சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. மேடையில் மூன்று வேட்பாளர்கள், நடுவில் கோட்டுப் போட்ட தொகுப்பாளர். வேர்த்து ஊற்றினாலும் அந்தக் கோட்டைக் கழற்றுவேனா என்றிருந்தார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் பேரை எழுதி ஒரு பிஸ்கெட் டின்னில் போட வேண்டும், குலுக்கி எடுப்பார்கள். ஷைனி மேடைக்குப் பக்கவாட்டில், அட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, மணவாளனின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஓர் அம்மாள் எழுந்து, உருக்காலைப் புகையால் குழந்தைக்கு இளைப்பு நிற்கவில்லை என்றாள். பதில் சொன்ன வேட்பாளர் 'பசுமை மாற்றத்திற்கான செயல்திட்ட வரைவு' என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்வந்தார்.

"அப்போ பொகை நிக்குமா, நிக்காதா?" என்றாள் அவள்.

மணி அடித்துவிட்டார்கள். நேரம் முடிந்ததாம்.

இன்னொரு வேட்பாளர் ஒப்பந்தத் தொழிலாளர் கேள்விக்குப் பதிலாகத் தன் தாத்தாவின் விவசாயத்தைப் பற்றிப் பேசினார். கூட்டம் கை தட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று கேட்கக் கூடாது.

ஐந்தாவதாக டின்னிலிருந்து எடுத்த சீட்டில் இம்மானுவேலின் பேர் இருந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், இடது கையால் மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தார். வலது கையைப் பழக்கப்படி பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மணவாளா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வேட்பாளர் அவர்களே" என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "எங்க தெருவுல கல்லு நட்டுக்கீறாங்கோ. எட்டு மாசமா என் ஊடு கூரை இல்லாம நிக்குது. நாளைக்கி கூரை போட ஆளு வரேன்றாங்கோ. நான் போட்லாமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லு."

மணவாளன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மெல்லப் பின்னால் திரும்பினார். ஷைனி ஏற்கெனவே பதினாலாம் அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நைனா கிட்ட சொல்லிட்டியாம்மா?" என்றார் மணவாளன், உதடு அசையாமல்.

"இல்ல சித்தப்பா."

"நானும் சொல்லலியே" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையிலிருந்து ஸ்டீவன் கையை ஆட்டினார். மணவாளன் அட்டையை வாங்கிக்கொண்டார்.

"என் கூடப் பொறக்காத அண்ணன் இம்மானுவேல் அவர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினார். குரல் கம்மியது. அது நடிப்பில்லை, ஷைனிக்குத் தெரியும். பிறகு அட்டையைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார். உணர்வுகளை நெஞ்சார மதித்தார். உள்கட்டமைப்பும் உரிமையும் எதிரி அல்ல என்றார். குழு அமைத்தார். ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள். 'எவருடைய இல்லமும் எவருடைய நம்பிக்கையும் சிதையாத வகையில்' என்று அவளுடைய வரி ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. கை தட்டல் எழுந்தது. இம்மானுவேலும் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். தீய்ந்துபோன வலது கையை வெளியே எடுத்துத் தட்டினார்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது இம்மானுவேலுக்கு வாய் ஓயவில்லை.

"பாத்தியா மேரி? எத்தினி பேரு எதுருல என்ன அண்ணன்னு சொன்னான்! மூணு நிமிசம் பேசுனான்பா எனுக்காவ."

"பேசுனான் சரி. போட்லாம்னானா, வேணாம்னானா?"

"உனுக்குப் புரியல. மணவாளனப் பத்தி எனுக்குத் தெரியாதா? முடியாதுன்னா மூஞ்சிக்கி நேரா முடியாதுன்னுடுவான். எவனுக்கும் பயப்படமாட்டான். இன்னிக்கி வேணாம்னு சொன்னானா? சொல்லல. அப்போ போடுன்னுதான் அர்த்தம். சபையில வெளிப்படையா சொல்ல முடியாது, அவ்ளோதான்."

ஆரோக்கியமேரிக்கும் நம்ப ஆசையாக இருந்தது. ஷைனி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தன் நைனா பொய்யால் ஏமாறவில்லை, அந்த மனிதனின் பழைய நேர்மையால் ஏமாறுகிறார் என்பதுதான் அவளை அறுத்தது.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். வெயில் சாய்ந்து, தார்ப்பாய்க்குக் கீழே சுவரெல்லாம் நீலமாகத் தெரிந்தது. ஆரோக்கியமேரி பழவேற்காட்டு இறாலைத் தொக்கு வைத்துக்கொண்டிருந்தாள். கூரை போடப்போகிற சந்தோஷத்தில் வாங்கியது. இம்மானுவேல் சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, போனைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி சுப்பிரமணியின் நம்பரைத் தேடினார்.

"ஷைனி, இத்தப் போட்டுக் குடும்மா. பலகைய எடுத்துக்கினு காலைல வந்துடச் சொல்லணும்."

ஷைனி போனை வாங்கினாள். நம்பர் எதிரே இருந்தது. கட்டைவிரல் அழுத்த மறுத்தது.

"நைனா, போன் வேணாம்."

"ஏம்மா? சார்ஜ் இல்லியா?"

"இல்ல, அது வந்து... இதுல பல தரப்பு இருக்குது நைனா. எல்லாக் கோணத்துலயும் யோசிச்சி, ஒரு... ஒரு உரிய நேரத்துல..."

"ஷைனி!" ஆரோக்கியமேரி அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து வந்தாள். மகளின் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். "நாலு நாளா பாக்குறேன். சரியா துன்னல, தூங்கல. ஊட்டுக்குள்ளயும் மைக் செட்டு பேச்சு பேசுற. இன்னா விசயம்? பேசுற மாரி பேசுடி."

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள்.

"தெரு போவுதும்மா. லாரி ரோடு வருது. நம்ம ஊடு நிக்காது. ரெண்டு வருசத்துல இடிச்சிடுவாங்க. சித்தப்பா மேப்பு பாத்துட்டாரு, அவுரே கைப்பட எய்திக் குடுத்தாரு, நான் பாத்தேன். அத்த மாத்தி அட்ச்சது நான்தான். மேடையில கடைசியா படிச்சாரே, எல்லாரும் கை தட்டுனாங்களே, அது நான் எய்துனது நைனா. யாரும் சொல்லல, நானாவே எய்துனேன்."

தார்ப்பாய் ஒருமுறை உப்பி அடங்கியது. இம்மானுவேல் சுவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு செங்கல்லுக்கும் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் அவர். இடது கையால், வாளி வாளியாக.

"எப்பத்திலேர்ந்து தெரியும் உனுக்கு?"

"வியாயக்கெழம."

"வியாயக்கெழமயா..." என்று இழுத்தார். அவ்வளவுதான் கேட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஷைனிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, வெந்துபோன கையை அவள் தலையில் வைத்தார். "அழுவாத. சொல்லிட்ட இல்ல? காங்க்ரீட் போட்ட அப்பால சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்?"

ஆரோக்கியமேரி நின்றபடியே கேட்டாள். "ரெண்டு வருசம்னா எய்தியிருந்தான்? நல்லா பாத்தியா?"

"பாத்தேன்மா. ரெண்டு வருசம்."

"அப்போ காங்க்ரீட் வேணாம்" என்றாள் அவள். "தகர சீட்டு போட்டுக்கலாம். நாலு பைப்பு, ஆறு சீட்டு. போவ சொல்ல கழட்டி எடுத்துக்கினு போயிடலாம். மிச்சப் பணம் கையில நிக்கும், வேற எடம் பாக்க ஆவும். ரெண்டு மழைக்கி நனையாம இருப்பேன் இல்ல?" சொல்லிவிட்டு மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "எட்டு மாசமா இந்தக் கூரைய நெனச்சி நெனச்சி மண்ட காஞ்சேன். ஒரு நிமிசத்துல முடிஞ்சிது பாரு. சொன்னா ஆவாதா? நம்ம இன்னா கொயந்தையா?"

ஷைனி அம்மாவைப் பார்த்தாள். எட்டு மாதமாக வராத முடிவு, நிஜத்தைச் சொன்ன ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. இதற்கா இத்தனை அட்டை அடித்தோம் என்று இருந்தது. அழுகை நிற்கவில்லை, ஆனால் மூச்சு சீராக வந்தது.

"மணவாளனுக்குப் போடும்மா" என்றார் இம்மானுவேல். "எல்லாருக்கும் கேக்குற மாரி வெச்சிப் போடு."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் பிரசார ஆட்டோவின் பாட்டுச் சத்தம்.

"மணவாளா, நாளைக்கி சீட்டு போடுறோம். காங்க்ரீட் இல்ல."

"அண்ணே, இந்த விசயத்துல நம்ம எல்லாத் தரப்பையும்..."

"டேய்." இம்மானுவேலின் குரல் உயரவில்லை. "இங்க சபை இல்லடா. நான் கீறேன், மேரி கீறா, பொண்ணு கீறா. தெரு போவுதா?"

எங்கோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பாட்டு நின்றது.

"போவுதுண்ணே."

இம்மானுவேல் கண்ணை மூடிக்கொண்டார். தெரிந்த செய்திதான். ஆனாலும் அந்த வாயிலிருந்து வந்தபோதுதான் அவருக்கு முழுசாக இறங்கியது.

"சரி. நீ இத்த தெருவுல வந்து சொல்லு. முப்பது ஊடு கீது. எவன் கூரை போடுறான், எவன் கல்யாணத்துக்கு ஊட்டக் காட்டி பொண்ணு கேக்குறான், உனுக்குத் தெரியாது. நான் சொன்னா நம்பமாட்டானுங்கோ. நீ சொன்னா நம்புவானுங்கோ."

"சொன்னா ஓட்டு போயிடும்ணே."

"போனா போவுது. வந்தாலும் வரும், எனுக்குத் தெரியாது." இம்மானுவேல் போனுக்குக் கிட்டே குனிந்தார். "ஆஸ்பத்திரியில என் கை ஆவாதுன்னு சொன்னியே, அந்த மணவாளன் எனுக்கு வேணும்டா. நீ சொல்லலன்னா எனுக்கு நீயே போயிடுவ."

கட் ஆகிவிட்டதோ என்று ஷைனி போனைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு மணவாளன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"காலைல ஆறு மணிக்கி வரேண்ணே. மொத ஷிப்டு கெளம்புறதுக்குள்ள எல்லாரையும் இருக்கச் சொல்லு."

"அட்டை எடுத்துக்கினு வராத" என்று எட்டி நின்றபடியே குரல் கொடுத்தாள் ஆரோக்கியமேரி. "பேசி முட்ச்சிட்டு நாஷ்டா இங்கதான் துன்னணும், சொல்லிட்டேன்."